மலை, சர்க்கஸ், டிராக்டர்

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து 'அஞ்சு ரூபா' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. 'டிராக்டர்' என்பார். அந்த நோட்டைத் திருப்பிப் பாருங்கள், வயலில் ஒருவன் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் காரணம். அவர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ஒழுங்கான தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த மனுஷன் டிராக்டர், சர்க்கஸ் என்று பேசிக்கொண்டிருப்பார். எரிச்சலாக வரும்.

சர்க்கஸ் என்பது பத்து ரூபாய். பின்பக்கம் யானை, புலி, காண்டாமிருகம் மூன்றும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இருபதில் தென்னை மரங்கள், அதனால் தோப்பு. ஐம்பதில் பாராளுமன்றக் கட்டடம். அதற்குச் சந்தைக்கடை என்று இந்தக் கண்டக்டர்கள் பேர் வைத்திருந்தார்கள். டிவியில் அந்தச் சபையை ஒரு நாள் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நூறில் இமயமலை, ஆகவே மலை. ஐநூறில் காந்தி தடியூன்றி முன்னால் நடக்க, பின்னால் கூட்டம் போகும், அது ஊர்வலம். ஆயிரத்துக்கு மட்டும் படத்தைப் பார்த்துப் பேர் வைக்கவில்லை. அது மாமியார். காலை முதல் ட்ரிப்பில் வந்து நின்றால் பையிலிருக்கிற சில்லறை மொத்தமும் அதற்கே போய்விடும், அப்புறம் நாள் பூராவும் திண்டாட்டம். இந்த விளக்கத்தை என் அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வார். அம்மாவும் கூச்சமில்லாமல் சிரிக்கும்.

நோட்டின் உடம்பைப் பார்த்து வைத்த பேர்கள் தனி. சலவை நோட்டு என்பது ஊரெல்லாம் சொல்வதுதான், கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி மாதிரி விறைப்பாக இருக்கிற புது நோட்டு. கிழிந்து டேப் ஒட்டியது பேஷண்ட். பரங்கிப்பேட்டைப் பக்கம் மீன் விற்கிற பெண்கள் சுருக்குப் பையிலிருந்து எடுத்துத் தருவது கருவாடு. அவர் சட்டையைத் துவைக்கிறவள் நான் என்பதால் அந்தப் பேருக்கு மட்டும் நான் மறுப்பு சொன்னதில்லை.

விளையாட்டுக்கு ஆரம்பித்த பாஷை அல்ல இது. போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் புதுச்சத்திரம் பக்கத்தில் எதிர்ப்படும். ஜன்னலோடு ஜன்னலாக ஒரு நிமிஷம் நிற்பார்கள். "மச்சான், சர்க்கஸ் இருக்கா? ஒரு மலை தரேன்" என்று இவர் கேட்பார். அந்தக் கண்டக்டர் பத்து பத்தாக எடுத்து நீட்டுவார். "சில்லறை இருக்கா" என்று வாய்விட்டுக் கேட்டால் போச்சு. இந்தப் பஸ்ஸில் சில்லறை ஏறிவிட்டது என்று தெரிந்ததும், அதுவரை சரியாகக் கையில் எடுத்து வைத்திருந்த ஜனம்கூட அதை உள்ளே போட்டுக்கொண்டு நூறை நீட்டும். அதற்குப் பயந்துதான் நோட்டுக்கு இத்தனை பேர் வைத்தது.

பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. அப்போது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பீஸு கட்டணும், ரெண்டு மலை ஒரு தோப்பு" என்று நிற்பாள். நான் கத்துவேன். "டீச்சர் வூட்டுப் பொண்ணு பேசற பேச்சாடி இது? துட்டுன்னு சொல்லித் தொலைச்சாகூடத் தேவல."

"துட்டு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?" என்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வியாபாரம் பண்ணினார்கள், அவர்களுடைய சின்னக் காசின் பேர்தான் நம் வாயில் துட்டாக நின்றுவிட்டது என்பார்கள் என்றேன்.

"அடி சக்க! ஒல்லாந்துக்காரன் வச்சா சரித்திரம், நான் வச்சா கெட்ட பேச்சா?"

அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரசப் பாத்திரத்தை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அவர்கள் வைத்த பேர்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் யாரும் சிரித்ததில்லை. 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்து போனதற்குப் பிறகு, கரையோரத்து ஜனங்கள் கையில் இருந்த நோட்டெல்லாம் தண்ணீர் குடித்தவை. காய்ந்ததும் விறைத்துக்கொண்டு, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்கு உப்பு என்று பேர். முதலாளி ஆபீஸில் திட்டுகிறார்களே, அதை ஏன் வாங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "வாங்காம? அவுங்க மடியில அதுதான் இருக்குது" என்றார்.

2009இல் ஒரு காலை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் வலது கை தானாகக் கீழே விழுந்தது. டிரைவர் அண்ணன்தான் பார்த்தார். இருபது வருஷமாக இவரோடு ஓடுகிறவர், ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் பண்ணினார். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் காட்டி ஆடு, இலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து சிதம்பரம் வருகிற வரைக்கும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும். "நீங்க பேசறது அவருக்குப் புரியும்மா. பதில் சொல்றதுக்கு வார்த்தை கெடைக்காது" என்றார் டாக்டர். சரி என்றேன். சொந்தக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதா இல்லையா என்று தெரியாமல் இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. அவருடைய வலது கையைக் கிள்ளிப் பார்த்து உணர்ச்சி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். என்னை யாரும் கிள்ளிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து நர்ஸ் ஒரு மாத்திரையை நீட்டியபோது அவர் வாய் திறந்து முதல் சொல் சொன்னார்.

"டிராக்டர்."

நர்ஸுக்கு சந்தோஷம். "பேசிட்டாரும்மா! நெலம் நீச்சு இருக்குதா உங்களுக்கு?" என்றாள்.

"இல்லம்மா. அது அஞ்சு ரூபா" என்றேன்.

எனக்கும் ஒரு கட்டில் போடலாமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றால் டிராக்டர், வலிக்கிறதென்றால் டிராக்டர். நாளாக ஆக எனக்கு அதில் வித்தியாசம் பிடிபட்டது. குட்டையாக, வெட்டினாற்போல 'டிராக்டர்' என்றால் ஆமாம். 'டிராக்ட...ரு' என்று இழுத்தால் இல்லை, வேண்டாம். அந்த இரண்டை வைத்துக்கொண்டே குடித்தனம் ஓடியது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, பள்ளிக்கூடம் போய், மாலையில் வந்து மறுபடி துடைத்துவிட்டு, சமைத்து, படுத்தேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் "ஏதோ ஓடுது" என்றேன். நிஜமாகவே அப்படித்தான், ஏதோ ஒன்று ஓடியது, நான் அதில் இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போவோம். பயிற்சி கொடுத்தது ஒரு சின்னப் பெண், நல்ல பொறுமைசாலி. நான் ஒன்றாம் வகுப்பில் வைத்திருப்பது மாதிரியே படம் போட்ட அட்டைகள் வைத்திருந்தாள். யானைப் படத்தைக் காட்டினால் "சர்க்கஸ்" என்றார். தென்னை மரத்துக்கு "தோப்பு". மலைக்கு "மலை". அந்தப் பெண் பூரித்துப்போனாள். நோட்டுக் கதையை அவளிடம் சொன்னேன். பர்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக நோட்டை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். தட்டுத் தடுமாறி எல்லாவற்றுக்கும் பேர் சொல்லிவிட்டார். ஆயிரம் ரூபாய்க்கு "மாமியார்" என்று சொல்லிவிட்டு வாயின் இடது பக்கத்தால் சிரித்தார்.

அப்புறம் அவள் என்னைக் காட்டி, "இவங்க யாரு சார்?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது. கடைசியில் "டி... டிராக்டர்" என்றார், குனிந்துகொண்டார்.

என் அம்மாவுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார். மீன்காரிகளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். என்னை எந்த நோட்டிலும் வைக்கவில்லை. அதுதான் அப்போது என் மனசில் ஓடியது. வலித்திருக்க வேண்டும். "பரவால்ல விடுங்க, போலாம்" என்று அவர் செருப்பை மாட்டிவிட்டேன்.

ஒரு முறை டிரைவர் அண்ணன் எங்களோடு வந்திருந்தார். அவர்தான் விளையாட்டாக, "போலாம் ரைட்!" என்றார். உடனே என் வீட்டுக்காரர் ராகம் போட்டு ஆரம்பித்தார்: "ஆலப்பாக்கம் புதுச்சத்திரம் முட்லூர் சிதம்பரம் சிதம்பரம் சிதம்பரம்..." வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி ஒரு "போலாம் ரைட்" சொன்னதும், திரும்பி வருகிற ட்ரிப்: "முட்லூர் புதுச்சத்திரம் ஆலப்பாக்கம் கடலூர் கடலூர்..." தடங்கலே இல்லை. தினமும் பாடிப் பழகினது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும், அது போகாது என்றாள் அந்தப் பெண். புதுசாக ஏதாவது சொல்ல வைக்க வேண்டுமென்றாலும் அந்த ராகத்திலேயே பழக்குங்கள் என்றாள்.

அது 2012இல்தான் உபயோகப்பட்டது. எங்கள் மகள் சிதம்பரத்தில் ஒரு லேபில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணாகிராமம் பக்கமிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. நல்ல ஜனங்கள். அதற்கு முந்தின வருஷக் கடைசியில் அடித்த புயலில் அவர்கள் முந்திரி, பலா எல்லாம் வேரோடு போயிருந்தது, அதனால் சில மாதம் பொறுத்துப் பரிசம் போட வருகிறோம் என்றார்கள்.

எங்கள் வழக்கத்தில் பரிசத்தன்று ஒரு சடங்கு உண்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், புடவை, பேருக்குக் கொஞ்சம் பணம் வைத்து மாப்பிள்ளையின் அப்பா நீட்டுவார். "பணம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்பார். பெண்ணின் அப்பா தட்டில் கை வைத்து, "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை சபையறிய இப்படிச் சொன்னால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். பெண்ணைப் பெற்றவன் வாயால் வரவேண்டிய வார்த்தை.

"தம்பிக்குப் பதிலா நான் சொல்லிடறேன்" என்றார் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். நியாயம்தான் என்று நான் தலையாட்டினேன். மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்பா சொன்னாத்தான் நான் சபைக்கு வருவேன். இல்லன்னா எனக்குப் பரிசமே வேணாம்."

"ஏன்டி படுத்தற? அத்தன பேரு எதுர்ல டிராக்டர்ன்னு சொல்லி நின்னாருன்னா? அவுரு மானம் போவாது?"

"போனா போவட்டும்மா. டிராக்டர்ன்னாவது எங்கப்பா சொல்லட்டும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்றீங்களா?" என்று கேட்டேன். "டிராக்டர்" என்றார், வெட்டினாற்போல. மகள் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் பழக்கம் நடந்தது. டிரைவர் அண்ணன் டூட்டி முடிந்து வருவார். ஒரு தாம்பாளத்தில் நூறு ரூபாய் நோட்டை வைத்து நான் பிடித்துக்கொள்வேன். மகள் எதிரில் நிற்பாள். அண்ணன் "போலாம் ரைட்" என்பார். பணம் என்ற சொல் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. நோட்டைப் பார்த்தால் "மலை"தான். இருக்கட்டும், சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டோம். பொண்ணு என்ற சொல்லுக்கு ரொம்ப நாள் ஆனது. ஒரு சாயங்காலம் மகளைப் பார்த்து, பஸ் ராகத்தில், "மலை எங்களுது, பொண்ணு உங்களுது" என்று முழுசாக வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் துள்ளிக் குதித்தாள். நான் தாம்பாளத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு பரிசம் வரைக்கும் ஒரு நாள்கூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பரிசத்தன்று கூடம் நிறைய ஜனம். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். பக்கத்தில் அவர் அண்ணன், எதற்கும் தயாராக. மகள் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்டினார். அதில் ஒரு சலவை மலையும் ஒரு ரூபாய்க் காசும் வெற்றிலைமேல் இருந்தன.

"பணம் உங்களுது, பொண்ணு எங்களுது."

அவர் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மூலையிலிருந்து டிரைவர் அண்ணன் மெதுவாக "போலாம் ரைட்" என்றார்.

"மலை உங்களுது," என்றார் என் வீட்டுக்காரர். ராகம் பிசகவில்லை. "பொண்ணு எங்களுது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் டிரைவர் அண்ணன்தான், "அய்யய்ய, மச்சான் ரிட்டன் ட்ரிப் அடிச்சிட்டான்!" என்றார். கூடமே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்துக்கொண்டே, "பரவால்ல சம்பந்தி, நிதானமா சொல்லுங்க" என்று இரண்டாவது தடவை சொன்னார்.

"மலை உங்களுது, பொண்ணு எங்களுது."

இந்தத் தடவை சிரிப்பு குறைவு. "மாத்திச் சொல்றாரு, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றாவது தடவை அவர் இடது கையால் தட்டை மெல்ல அந்தப் பக்கம் தள்ளினார். அதே வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை. மகள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

அவர் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பணம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்று மடமடவென்று மூன்று முறை சொல்லி முடித்தார். தட்டு கை மாறியது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து, "பொண்ணு உங்களுதுதாண்ணா. எங்க வூட்ல இருக்கட்டும், அவ்ளோதான்" என்றார். அவர் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிப் போனார்கள். மகள் அவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தாள். நான் அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றினேன், வலது கையிலிருந்து முதலில், வழக்கம்போல. பழக்கத்தில் ஒரு நாளும் பிசகாத மனுஷன். பாவம், கூட்டத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டார் என்றுதான் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். சட்டையை மடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க. தெரிஞ்சேதான் அப்டி சொன்னீங்களா?"

"டிராக்டர்" என்றார்.

குட்டையாக, வெட்டினாற்போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, இத்தனை வருஷம் எங்கே இருந்ததென்றே தெரியாத அழுகை. அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதேன். அவர் இடது கை என் தலைமேல் வந்து கிடந்தது.

"எனக்குந்தாங்க," என்றேன். "எனக்கும் அதான் வாயில வந்துச்சி."